கூழ் வாரமும் தோசை வாரமும்

எங்கள் வீட்டில் ஒரு வாரம் கூழ், ஒரு வாரம் தோசை. இதை வெளியில் சொன்னால், "பரவால்லியே, மாத்தி மாத்தி சத்தா குடுக்கிறீங்களே" என்று பாராட்டுகிறார்கள். பாராட்ட ஒன்றுமில்லை. அது சண்டை. மூன்று வருடமாக நடக்கிற சண்டை. நான் இன்னும் தோற்கவில்லை, தோற்கப் போவதும் இல்லை.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் அதே சிப்காட்டில் இரும்புக் கம்பி ஆலையில் இருக்கிறார். குடியிருப்பது புதுவாயலில், ஹைவேயிலிருந்து உள்ளே நாலாவது தெரு, வாடகை வீடு. பெண்ணுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. பையனுக்கு நாலு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால் இரண்டு பேரும் அவரவர் சூப்பர்வைசரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, எதிரெதிர் ஷிஃப்ட் வாங்கினோம். எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் அவருக்கு செகண்ட். அடுத்த வாரம் அப்படியே மாறும். ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்காரர் அஞ்சேகாலுக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். செகண்ட் ஷிஃப்டுக்காரர் மத்தியானம் கிளம்பினால் போதும். நடுவில் விழுகிற ஒன்றரை மணி நேரத்துக்குப் பையன் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருப்பான். ஆக, காலையில் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் பிள்ளைகளின் நாஷ்டா. அந்த வாரம் அடுப்பும் அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது.

என் வாரத்தில் தோசை, முட்டை தோசை, இட்லி, சேமியா, நெய் தடவிச் சுட்ட பிரெட். அவர் வாரத்தில் திங்கள் முதல் சனி வரை கேழ்வரகுக் கூழ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை இட்லி, வடகறி. அதில் இருவருக்கும் தகராறு இல்லை.

குற்றம் சொல்லும்போது உண்மையையும் சொல்ல வேண்டும். அவர் நன்றாகச் சமைப்பார். முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யை வேக விட்டு, கட்டி தட்டாமல் கிண்டி இறக்குவார். காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போடுவார். அவர் பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல் போடுகிற சொந்த நிலம் இருக்கிற குடும்பம். அவருக்குக் கூழ் என்றால் வயல், கிணற்றடி, அறுப்புக் காலம். போதாததற்கு இப்போது போனைத் திறந்தால் யாராவது ஒருவர் கேழ்வரகின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறார். பிரெட் விஷம், சேமியா விஷம், கூழ் அமிர்தம். அதையெல்லாம் எனக்கு அனுப்பி வைப்பார். நான் திறந்துகூடப் பார்க்க மாட்டேன்.

எனக்குக் கூழ் என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவரிடம்தான் ரொம்ப நாள் சொல்லாமல் இருந்தேன்.

எங்கள் அம்மா அப்பா கூலி வேலைக்குப் போனவர்கள். லீவு நாளில் அம்மாவோடு நானும் நாற்று நடப் போவேன். அப்போது எனக்கு ஏழெட்டு வயது. காலையில் நிலத்துக்காரர் வீட்டிலிருந்து அலுமினியக் குண்டானில் கூழ் வரும். பாத்திரம் கொண்டுவந்தவர்கள் பாத்திரத்தை நீட்டுவார்கள். இல்லாதவர்கள் வரப்பு ஓரமாக வரிசையில் குந்தி இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும். ஊற்றுகிறவர் இடுப்பு உயரத்திலிருந்து ஊற்றுவார். அவர் சொம்பு எங்கள் கையில் பட்டுவிடக் கூடாது, அதுதான் கணக்கு. உயரத்திலிருந்து விழுகிற கூழ் பாதி கையில் நிற்கும், பாதி முழங்கை வழியாக வழியும். நான் முழங்கையை நக்கியிருக்கிறேன். பசி. "ஐயா, எனக்கு இன்னும் கொஞ்சம்" என்று கேட்டால் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. அந்த வயல்களில் பாதி இப்போது கம்பெனி காம்பவுண்டுக்குள் போய்விட்டது. எனக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. வரப்பை இடித்து நிரவுகிற எந்திரம் வந்தபோது நான் ஸ்கூல் பிள்ளை, கைதட்டினேன்.

ஆகவே எனக்குப் பிள்ளை பிறந்தால் காலையில் அதற்குக் கூழ் கிடையாது என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். இந்தச் சத்துக் கதையெல்லாம் எனக்கும் தெரியும். இருக்கட்டும். சத்து வேறு எதில் இருக்கிறதோ அதைத் தேடிக் கொடுத்துக்கொள்கிறேன்.

இதை அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். எங்கே சொல்வது? நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதே அபூர்வம். கம்பெனியில் மிஷின் ஓடுகிற ஷாப்புக்குள் போன் எடுத்துப் போக முடியாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் பெண்ணின் பழைய சிலேட்டு ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, போகிறவர் வருகிறவருக்கு எழுதி வைப்போம். சிலிண்டர் சொல்லியாச்சு. தண்ணி கேன் வரல. தம்பிக்கு ஊசி வியாழக்கிழமை. கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டுக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிற பழக்கம்தான், வீட்டுக்கும் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் நாஷ்டா சண்டையும் அதிலேயே ஏறியது.

"பாப்பா ஸ்கூல்ல தூங்குதாம். கூழ் வேணாம்" என்று எழுதிவிட்டுப் போவேன். வந்து பார்த்தால், "மிஸ்ஸ கேட்டேன். தூங்கலையாம்" என்று இருக்கும். "தம்பிக்கு சளி. மோர் ஆகாது" என்று எழுதுவேன். "முட்டை சூடு. அதான் கட்டி" என்று பதில் வரும். ஒருமுறை ஊசி போடப் போன இடத்தில் நர்ஸம்மாவிடம் இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறோம். அந்தம்மா இரண்டும் கொடுங்கள் என்று சொல்லித் தொலைத்தது. அன்றைக்குச் சிலேட்டில் இரண்டு பேரும் ஜெயித்தோம்.

தூக்கம், சளி எல்லாம் பொய். உண்மையான காரணத்தைச் சிலேட்டில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. ஊற்றின வீட்டுப் பிள்ளையிடம் போய், நான் ஏந்தினேன் என்று எப்படிச் சொல்வது என்று இருந்தது. இப்போது யோசித்தால் கோபம்தான் வருகிறது. வெட்கப்பட வேண்டியவள் நானா?

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். என் வாரத்தில் இரண்டும் தோசையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். முழுங்கு முழுங்கு என்று கத்தியே எனக்குத் தொண்டை போய்விடும். அவர் வாரத்தில் கூழ்ப் பாத்திரம் கழுவி வைத்தது போல இருக்கும். சிலேட்டில், "ரெண்டு பேரும் முழுசா. பத்து நிமிஷம்" என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே கோடு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எப்படிக் குடிக்கிறீர்கள் என்று பெண்ணைக் கேட்டேன். அது அப்பாவோட வெள்ளாட்டு, உனக்குச் சொல்லக் கூடாது என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சரி, கதை சொல்லி ஏதோ விளையாட்டுக் காட்டி ஊட்டுகிறார் போல என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்றைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செவ்வாய்க்கிழமை. வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கரன்ட் போனது. டிரான்ஸ்பார்மர் என்றார்கள், ஜெனரேட்டர் என்றார்கள், கடைசியில் ஏழு மணிக்கு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி பஸ் இரண்டு மணிக்குத்தான். நாங்கள் நாலைந்து பேர் ஷேர் ஆட்டோ பிடித்துப் புதுவாயல் கூட்ரோட்டில் இறங்கினோம். டீக்கடையில் சூடாக பன் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கூழ் வாரம்தான், தெரியும். வேண்டுமென்றே நாலு பன் வாங்கினேன். அவர் முகத்துக்கு நேராகப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. வீட்டுக்குள் யாரும் இல்லை. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் சத்தம் கேட்டது.

என் இரண்டு பிள்ளைகளும் சுவர் ஓரமாக வரிசையில் குந்தியிருந்தார்கள். பெண் யூனிஃபார்மில் இருந்தாள். இருவரும் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி, தாடையைக் கைக்குள் வைத்திருந்தார்கள். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபடி, சொம்பை இடுப்பு உயரத்தில் பிடித்துக் கூழை ஊற்றிக்கொண்டிருந்தார். "வரிசையா வா, வரிசையா வா. யாருக்கு இன்னும் வோணும்?" என்று அதட்டுகிற குரலில் கேட்டார். "எனக்கு ஐயா! எனக்கு ஐயா!" என்று இரண்டும் போட்டி போட்டுக் கத்தின. பையனின் முழங்கையில் கூழ் வழிந்தது. அவன் அதை நக்கினான்.

எனக்கு என்ன ஆனது என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பன் பொட்டலத்தை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. போய்ப் பெண்ணின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பிரித்தேன். கையில் இருந்த கூழ் அவள் யூனிஃபார்மில் கொட்டியது. அவள் பயந்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுததைப் பார்த்துப் பையனும் அழுதான். நான் அவன் கையையும் பிரித்துவிட்டேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சொம்பும் கையுமாக நின்றார். "இன்னா ஆச்சு? வெள்ளாட்டு தான? எங்க கயினில நாத்து நட வர்ற ஆளுங்க இப்டித்தான் குடிப்பாங்க. சின்ன வயசுல நானு பாத்துக்கினே இருப்பேன். இதுங்களும் குஷியா குடிக்குதுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அந்த ஆளுங்க யாரு தெரியுமா?" என்றேன். "நானு. எங்கம்மா. ஒங்க ஊட்டுல ஊத்துனவங்க, எங்க ஊட்டுல ஏந்துனவங்க. நீ பாத்தத நீ வெள்ளாட்றே. நானு ஏந்துனத நானு எப்டிப்பா வெள்ளாட்றது?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குண்டான், வரப்பு, சொம்பு கையில் படாமல் ஊற்றினது, முழங்கை, எல்லாம். பிள்ளைகள் கேட்கிறார்களே என்று நிறுத்தவில்லை. கேட்கட்டும். நான் அழவும் இல்லை. நான் அழுவேன் என்று அவர் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். தரையில் கொட்டிய கூழைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பெண்ணுக்கு வேறு யூனிஃபார்ம் எடுத்து மாட்டிவிட்டார். கடைசியில், "நீ சொல்லவே இல்லியே. சளின்னு எழுதுனே, தூக்கம்னு எழுதுனே" என்றார். அது நியாயம். நான் சொல்லவில்லைதான். அதற்கு மட்டும் தலையாட்டினேன். அன்றைக்குப் பெண் ஸ்கூலுக்கு லேட்டாகப் போனாள், கையில் ஒரு பன்னோடு.

அன்று மத்தியானம் வேலைக்குக் கிளம்பும் முன் அவர் சிலேட்டைத் துடைத்திருந்தார். எதுவும் எழுதவில்லை. மறுநாளும் காலியாகவே இருந்தது. மூன்றாம் நாள்தான், "தட்டுல வெச்சு, ஸ்பூன் போட்டு குடுக்கவா? கூழ் இன்னா பாவம் பண்ணிச்சு" என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பாவம் பண்ணியது கூழ் இல்லை என்று எனக்கும் தெரியும். அதற்காக உடனே அதை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்ச முடியுமா?

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவர் வாரத்தில் அவர் இஷ்டம். ஆனால் எந்த வாரமானாலும் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் ஊற்றக் கூடாது. பாத்திரம் நடுவில் இருக்கும், கரண்டி அதற்குள் இருக்கும். தட்டு எடுத்து வந்து, பிள்ளைகள் அவர்களாக எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நாலு வயதுப் பையனுக்கும் அதேதான். சிந்தினால் சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம். அவருக்கும் அதே சட்டம், எனக்கும் அதே சட்டம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, பெற்ற பிள்ளைக்கு ஊட்டிவிட வலிக்குதா என்று கேட்டார். ஆமாம் அக்கா, வலிக்குது என்றேன்.

ஒரு மாதம் கழித்து ஆடி வந்தது. அவர் ஊரில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். எங்கள் கல்யாணத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பெண் பிறந்த பிறகுதான் பேச்சு வார்த்தை. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனால் ஆடிக்குப் போவேன். போகாவிட்டால், பார்த்தாயா, வரமாட்டாள் என்று தெரியுமே என்பார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்? நல்ல பட்டுப்புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

கோயிலில் ஊற்றி முடித்து, மிச்சக் கூழை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய அண்ணி பக்கெட்டோடு பின்கட்டுக்கு வந்தார். பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், வரிசையாக உட்காரச் சொன்னார். இத்தனை பேருக்கு டம்ளருக்கு எங்கே போவது, கையை ஏந்துங்கள் என்றார். எல்லாப் பிள்ளைகளும் குதூகலமாக ஏந்தினார்கள், அண்ணியின் பிள்ளைகளும் சேர்த்துத்தான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் விளையாட்டு, கை கழுவினால் போய்விடும். என் பையனும் பழைய ஞாபகத்தில் ஏந்திவிட்டான்.

நான் கிணற்றுப் பக்கம் நின்றிருந்தேன். ஓடிப் போய்த் தடுக்கக் காலைத் தூக்கினேன். அதற்குள் என் பெண் தம்பியின் கையை ஓங்கி ஒன்று போட்டு இறக்கிவிட்டாள். தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பெரிம்மா, எங்க ரெண்டு பேருக்கும் தட்டு வோணும். நாங்களே ஊத்திக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிப்பு பாதியில் நின்று என்னைப் பார்த்தார். "இன்னாமா, பொண்ணுக்கு இப்டியா கத்துக்குடுத்து வெச்சிகிறே?" என்றார். வாசல் பக்கம் பேசிக்கொண்டிருந்த ஆண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் அவர்களோடுதான் இருந்தார். அண்ணன், சித்தப்பா, பங்காளி எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து வந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நம்பிக்கை இல்லை. புதுவாயலில் நாலு சுவருக்குள் சிலேட்டில் எழுதுவது வேறு. சொந்த ஊரில், சொந்த அண்ணி முன்னால் நிற்பது வேறு. "ஒரு நாள் தான கண்ணு, ஏந்திக்கோ" என்று கெஞ்சப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திருத்தணிக்கு ஏறியிருப்பேன். பையை எங்கே வைத்தேன் என்று கண் தேடிக்கொண்டிருந்தது.

அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனார். சமையல்கட்டில் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. இரண்டு எவர்சில்வர் தட்டும் ஒரு கரண்டியுமாக வந்தார். தட்டைப் பிள்ளைகள் முன்னால் வைத்தார். பக்கெட்டை அண்ணியின் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்து, கரண்டியைப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"அவ கத்துக்குடுக்கல அண்ணி. நான்தான் கத்துக்குடுத்தேன்" என்றார்.

என் பெண் கரண்டியால் மொண்டு தம்பிக்கு முன்னால் நீட்டினாள். அவன் கரண்டியைப் பிடுங்கி, தானே மொண்டு, பாதியைச் சிந்தி மீதியைத் தட்டில் ஊற்றிக்கொண்டான். அண்ணியின் சின்னப் பையன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கையில் ஊற்றின கூழ் விரல் சந்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்கும் தட்டு வேணும் என்று காலை உதைத்து அழுதான். அண்ணி அவனை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, தட்டு எடுக்க உள்ளே போனார்.

எனக்கும் ஒரு டம்ளரில் கூழ் வந்தது. வேண்டாம் என்றேன். அவர் மட்டும் இரண்டு தட்டு குடித்தார், ருசித்துத்தான் குடித்தார். குடிக்கட்டும், அவர் ஊர்க் கூழ். நான் அங்கேயும் குடிக்கவில்லை, இனியும் குடிக்க மாட்டேன். மறுநாள் திங்கட்கிழமை, என் வாரம். பிள்ளைகளுக்கு முட்டை தோசை சுட்டு, தட்டை நடுவில் வைத்தேன்.